பட்டன் இருக்கும், ஆயுசு இருக்காது: ஊரில் நிற்கும் காரின் டயர்கள்

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் வைத்திருக்கும் கார் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அப்பாவின் மருத்துவமனை நடை, ஒரு கல்யாணம், நாம் விடுமுறைக்கு வந்தால் குலதெய்வம் கோயில். மீதி நாளெல்லாம் வாசலில் வெயிலில் நிற்கும். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தாலும் டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர், புதுசு மாதிரியே இருக்கும். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து டயர் கடையில் வண்டியை நிறுத்தினால், குனிந்து பார்த்துவிட்டு அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “பட்டன் நல்லா இருக்குண்ணே, இன்னும் இருபதாயிரம் ஓடும்.”

ஏமாற்றுப் பேச்சு இல்லை இது. அந்தக் கடைக்கு வருகிறவை தினமும் ஓடும் டாக்ஸியும் லோடு வண்டியும். அவற்றின் டயர் ரப்பர் கெடுவதற்குள் தேய்ந்து முடிந்துவிடும். நம் வண்டிக்குக் கணக்கு தலைகீழ். தேயாமலே கெட்டுப்போகும்.

ரப்பர் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. சூடு ஏற ஏற அது வேகமாக நடக்கும். கத்திரி வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். பக்கச்சுவரில் தெரியும் வெடிப்பைவிட ஆபத்தானது உள்ளே, இரண்டு எஃகு இழைப் பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் காய்வது. அது வெளியே தெரியாது. நாற்கரச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பட்டன் பட்டை உரிந்து கிளம்பும்போதுதான் தெரியும். நிற்கும் வண்டிக்கு இன்னொரு பாதகமும் உண்டு. ஓசோனிலிருந்து காக்க ரப்பரில் ஒரு மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு வளைந்து நெளிந்தால்தான் அது நன்றாக மேலே கசிந்து வந்து படியும். மாதக்கணக்கில் நின்றால் மேலே பாதுகாப்பு குறைந்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கை எடுத்துக்காட்டியது. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, லூசியானா, ஃபுளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து வெப்ப மாநிலங்களில் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 27 சதவீதம்தான். ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்து வந்தவை. அதிலும் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். துபாயில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே காலாவதியான டயரோடு பிடிபட்டால் 500 திர்ஹம் அபராதம், 4 கரும்புள்ளி, ஒரு வாரம் வண்டி பறிமுதல். இந்தியாவில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. வயதைக் கேட்பார் இல்லை. அதனால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23வது வாரம், அதாவது ஜூன் மாதத் தயாரிப்பு. பல டயர்களில் இந்த நான்கு எண்கள் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணோம் என்றால் உட்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். முன் டயருக்கு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் தெரியும். பின் டயருக்குக் கைப்பேசி டார்ச்சைப் போட்டு, வண்டிக்கு அடியில் கையை நீட்டி வீடியோ எடுப்பது சுலபம். அதே வீடியோவில் உட்பக்கச் சுவரின் வெடிப்பும் வந்துவிடும். வெளிப்பக்கம் கறுப்புப் பாலிஷ் போட்டு மினுக்கியிருப்பார்கள். உட்பக்கத்துக்கு யாரும் போடுவதில்லை.

எத்தனை வருஷம்? பல கார் நிறுவனங்கள் 6 வருஷம் என்கின்றன. மிஷெலின் 5 வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லி, 10 வருஷத்தை உச்ச வரம்பாக வைக்கிறது. அந்த 10 நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. கூரை இல்லாமல் நின்ற வண்டிக்கு 5, நிழலில் நின்றதற்கு 6. அதற்கு மேல் போனால், பட்டன் 6 மி.மீ. மிச்சம் இருந்தாலும் சென்னை நெடுஞ்சாலைக்கு ஏற்றக்கூடாது.

அந்த வயதுக்கு முன்பே மாற்றச் சொல்லும் அறிகுறிகளும் உண்டு. பட்டன் பள்ளங்களின் அடியில் வெடிப்பு ஓடியிருந்தால் மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் முடி போன்ற மெல்லிய கோடுகள் இருந்தால் கண்காணித்தால் போதும். நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தால் ஓட்டக்கூடாது. எங்காவது புடைத்திருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது. குழியில் இறங்கிய வேகத்தில் வருவது அது. பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, அன்றே கழற்ற வேண்டும். பட்டன் ஆழத்துக்கு ஒரு சின்ன அளவுகோல் வாங்கிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. புது டயரில் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். சட்டம் 1.6 என்றாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டப் போகிறவர்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. அதற்குக் கீழே பள்ளங்களால் தண்ணீரைப் போதிய அளவு வெளியேற்ற முடியாது. வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கலாம்.

காற்று விஷயத்தில் ஊர்ச் சேவையில் ஒரு நிரந்தரக் கோளாறு இருக்கிறது. மத்தியானம் நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியை பங்க்கில் நிறுத்தினால், “முப்பத்தொன்பது இருக்கு சார், வெடிச்சிரும்” என்று சொல்லி 33க்கு இறக்கிவிடுவார்கள். காலையில் 28 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்த டயர், உள்காற்று 65 டிகிரிக்குச் சூடானால் 39 காட்டத்தான் செய்யும். அது கணக்கிலேயே உள்ள ஏற்றம். சூட்டில் 33க்கு இறக்கினால் மறுநாள் காலை ஆறியதும் 28தான் இருக்கும். குறைந்த காற்றில் பக்கச்சுவர் அதிகமாக மடிந்து விரியும், அந்த மடிப்பே சூட்டைக் கிளப்பும், சூடு டயரைப் பிரிக்கும். வெயில் காலத்தில் டயர் வெடிப்பதற்கு அதிகக் காற்றைவிடக் குறைந்த காற்றே பெரும்பாலும் காரணம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவோரத் தூணில் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள அளவை, காலையில் வண்டி எடுக்கும் முன் அடிக்க வேண்டும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் முழுச்சுமைக்குத் தனி அளவு இருக்கிறதா என்று அதே ஸ்டிக்கரில் பாருங்கள். நைட்ரஜன் என்று தனிக்காசு கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்; வாரம் ஒருமுறை காற்று பார்ப்பவருக்கு அது தேவையில்லை.

சரி, மாற்றுவது என்று முடிவானபின் கடையில் என்ன நடக்கிறது? பொருள் கிடைப்பதில் குறை சொல்ல முடியாது. எம்.ஆர்.எஃப். அரக்கோணத்திலும், அப்போலோ ஒரகடத்திலும், ஜே.கே., சியட் இரண்டும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் டயர் செய்கின்றன. அதனால் ஓடுகிற சைஸில் ஒன்றிரண்டு மாதத்துப் புதுச்சரக்கு கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் கிடங்கில் மிஞ்சிய பழையது வரும். மாட்டுவதற்கு முன்பே நான்கு டயரின் தேதியையும் நீங்களே படியுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு வருஷத்தைத் தாண்டியதை முழு விலைக்கு வாங்க வேண்டியதில்லை. டிஸ்க்கில் (சக்கரத்தில்) ஏற்றியபிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

சைஸோடு அதன் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் முக்கியம். 185/65 ஆர்15 88எச் என்றால், 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ. எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்பது. “அதே சைஸ்தான் சார்” என்று எச் இருந்த இடத்தில் டி போடப் பார்ப்பார்கள். டி 190க்குத்தான். அந்த வேகத்தில் யார் போகிறார் என்று கேட்கலாம். ஆனால் அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் சேர்த்தே சொல்கிறது. கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காதீர்கள்.

டயரோடு ரப்பர் வால்வையும் கட்டாயம் மாற்றச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழையதே இருக்கும். அதுவும் டயர் அளவுக்கே வெயிலில் காய்ந்ததுதான். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் இப்போது சின்ன ஊர்களிலும் கம்ப்யூட்டர் மெஷினில் நன்றாகவே செய்கிறார்கள். அலைன்மென்ட்டுக்கு முன்பும் பின்பும் உள்ள அளவுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு அப்படியே அனுப்புவதுதான் பொதுவான குறை. சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். வண்டிப் புத்தகத்தில் சரியான அளவு இருக்கும். அதிகமாக இறுகினால் வழியில் பஞ்சரானபோது கைஸ்பானரால் கழற்ற முடியாது. கடையிலேயே கையால் கழற்றி இறுக்கச் சொல்லலாம். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்ப்பதும் நல்லது.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவற்றை முன்னால் போடுவது நம் கடைகளின் பழக்கம். நானாக இருந்தால் பின்னால்தான் போடச் சொல்வேன். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

பில் இல்லாமல் வாங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதுதான் இருக்க வேண்டும். தயாரிப்புக் குறை என்று பிறகு போனால் பில்லைத்தான் கேட்பார்கள். வயதாகிக் கழற்றிய டயரைக் கடைக்காரர் சில நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார். அது பாலிஷ் போட்டு இன்னொருவர் வண்டிக்குப் போகும். பக்கச்சுவரில் ஒரு கத்திக் கீறல் போட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

ஸ்டெப்னியை மறக்கவே கூடாது. தரையைத் தொடாத டயர் என்று அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், ஆனால் அதன் தேதியும் வண்டியின் தேதியும் ஒன்றுதான். டிக்கிச் சூட்டில் கிடந்தது வேறு. காற்றும் பெரும்பாலும் இருபதுக்குக் கீழே இறங்கியிருக்கும். அதிலும் சைஸ் சின்னதாக, 80 கிலோமீட்டர் வேகம்தான் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அடுத்த பஞ்சர் கடைவரைக்கும்தான் அது.

திரும்பிப் போகும்போது 40 பி.எஸ்.ஐ.வரை அடித்து நிறுத்தலாம், பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல். ஒரே இடத்தில் நின்று தட்டையாவது குறையும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் டயருக்கும் பேட்டரிக்கும் நல்லது; அவர்கள் எடுப்பதற்கு முன் காற்றை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சொந்த வண்டி இல்லாமல், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துப் போட்ட வாடகைக் காரை நீங்களே ஓட்டுவதானால், முன்பணம் அனுப்புவதற்கு முன் ஐந்து டயரின் தேதி எண்ணையும் வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஏஜென்ஸி பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடும்.