பழைய வைஃபை சுவிட்ச்: பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா, ஜிக்பீக்குத் தாவுவதா?

2019 கடைசியில் குரோம்பேட்டை வீட்டுக்குக் குடிவந்தபோது, ஒன்பது சுவிட்ச் போர்டுகளுக்குப் பின்னால் விளக்கையும் ஃபேனையும் செல்போனிலிருந்தே இயக்க உதவும் சின்னச் சின்ன வைஃபை மாட்யூல்களைப் பொருத்தினேன். நான்கு வருடம் அவை அங்கே இருப்பதே தெரியவில்லை. 2024 கோடையில் ஹால் விளக்கு செயலியில் ‘ஆஃப்லைன்’ என்று காட்ட ஆரம்பித்தது. சுவரில் சுவிட்சைத் தட்டினால் எரியும், செல்போனில் மட்டும் ஆளைக் காணோம். அடுத்து படுக்கையறை ஃபேன். தீபாவளிக்குள் நான்கு மாட்யூல்கள் இஷ்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தன. “இந்தச் சனியனையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு பழைய சுவிட்சையே மாட்டச் சொல்லுடா” என்று அம்மா சொல்லிவிட்டார்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: பழையதையே பழுது பார்த்து மென்பொருளை மாற்றுவது, அதே வகையில் புதிது வாங்குவது, ஜிக்பீக்குப் (வீட்டுச் சாதனங்கள் வைஃபை இல்லாமல் தமக்குள் பேசிக்கொள்ளும் வேறொரு ரேடியோ முறை) போவது, அம்மா சொன்னதைக் கேட்பது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதில் ஆறு பழுது பார்த்து ஓடுகின்றன, இரண்டு ஜிக்பீ, ஒன்றில் அம்மா ஜெயித்தார்.

எதையும் கழற்றுவதற்கு முன் ரௌட்டரைப் பாருங்கள். இது எல்லோரும் சொல்வதுதான், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். எல்லா சுவிட்சுகளும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் குற்றவாளி ரௌட்டர். ஃபைபர் இணைப்புக்கு வந்த ஆள் 2.4 கிகாஹெர்ட்ஸையும் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் கட்டிவைத்துவிட்டுப் போயிருப்பார். பழைய சுவிட்சுகளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்று வையுங்கள், டபிள்யூபிஏ3 கலந்தால் சில பழைய மாட்யூல்கள் முரண்டு பிடிக்கும். சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 1, 6, 11-இல் ஒன்றில் நிறுத்துங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ரௌட்டரை மாற்றினால் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே வையுங்கள், ஒன்பது போர்டுகளின் முன்னால் நாற்காலி போட்டு ஏறி நிற்கும் வேலை மிச்சம். இவ்வளவும் செய்ததில் என் வீட்டில் ஒரு மாட்யூல் சரியானது. மூன்று ஆகவில்லை.

அந்த மூன்றும் ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தன. விளக்கு அணைந்திருக்கும்போது இணைப்பு ஓரளவு நிற்கும், விளக்கைப் போட்டால் சில நிமிடங்களில் அறுந்துவிடும். விளக்கு எரிகிறது என்றால் மாட்யூலுக்குள் ரிலேயும் (விளக்கைப் போட்டு அணைக்கும் குட்டி மின்சுவிட்ச்) மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆக, சிக்னலில் குறை இல்லை. ரேடியோவுக்குப் போதுமான சாப்பாடு போகவில்லை.

இந்த மாட்யூல்களில் இருப்பது ஈஎஸ்பி8285 சில்லு, பிரபலமான ஈஎஸ்பி8266-க்குத் தம்பி. வைஃபையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது 50, 60 மில்லியாம்பியர் எடுக்கும், பதில் அனுப்பும் கணத்தில் அது 170 வரை துள்ளும். அந்தத் துள்ளலைத் தாங்குவது ஒரு சின்ன எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டர். நம் எலக்ட்ரீசியன் பாஷையில் கண்டென்சர். மொட்டைமாடித் தொட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பாதியாகச் சுருங்கிவிட்டால் ஒரு குழாய் மட்டும் திறந்திருக்கும்வரை தெரியாது, மூன்றைச் சேர்த்துத் திறந்தால் நூலாக வரும். கெப்பாசிட்டரும் சூட்டில் உள்ளே காய்ந்து சுருங்குகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. மேலே ‘105 டிகிரி’ என்று அச்சடித்த சாதாரணக் கெப்பாசிட்டருக்கு அந்தச் சூட்டில் 2,000 மணி நேர ஆயுள் என்று வைத்தால், 65 டிகிரியில் 32,000 மணி நேரம். மாட்யூல் இரவும் பகலும் ஓடுகிறது, ஆகவே அது மூன்று வருடம் எட்டு மாதம். மேற்குச் சுவர், மூடிய பெட்டி, சென்னை மே மாதம். என் மாட்யூல்கள் நான்கு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் போர்டில் எம்சிபியை இறக்கி மின்சாரத்தை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஹால் மாட்யூலைக் கழற்றினேன். பிளாஸ்டிக் மூடியைக் கத்தி முனையால் நெம்பினால் ‘டக்’கென்று வந்துவிடும். உள்ளே கெப்பாசிட்டரின் தலை லேசாகப் புடைத்திருந்தது, கட்டைவிரலால் தடவினால்தான் தெரிகிற அளவுக்கு. பக்கத்தில் பலகை பழுப்பேறியிருந்தது. அதன்மேல் 470 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் என்று போட்டிருந்தது. கழற்றி மீட்டரில் வைத்தால் 190 காட்டியது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அதே 470, ஆனால் 16 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்த வகை) என்று கேட்டு வாங்கினேன். ஒன்று பத்து ரூபாய்கூட இல்லை. உயரம் கொஞ்சம் கூடினால் மூடி மூடாது என்பதால் பழையதைக் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று.

எச்சரிக்கை ஒன்று. இந்த வகைப் பலகைகள் பலவற்றில் மெயின் மின்சாரத்துக்கும் சில்லுக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. மின்சாரத்தில் இருக்கும்போது திறக்கவோ, கம்ப்யூட்டரில் செருகவோ கூடாது. கழற்றிய பிறகும் 400 வோல்ட் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வழியை விட்டுவிடலாம்.

மூடியைத் திறந்ததும் திறந்தோம், மென்பொருளையும் மாற்றிவிடலாம் என்று டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். மெயினிலிருந்து கழற்றிய மாட்யூலைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட்டில் இருக்க வேண்டும், 5 வோல்ட்டில் வைத்தால் சில்லுக்குச் சங்குதான். மாட்யூலின் பொத்தானை அழுத்திக்கொண்டே அடாப்டரின் இணைப்பைக் கொடுத்தால் மென்பொருளை வாங்கிக்கொள்ளும் நிலைக்குப் போகும். இதனால் இரண்டு லாபம். கம்பெனி சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவிட்ச் வீட்டுக்குள்ளேயே ஓடும். அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனியின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் இருண்டதையும், 2026 ஜனவரி 31-உடன் தன் வீமோ ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கான கிளவுடை நிறுத்துவதாக பெல்கின் கம்பெனி அறிவித்ததையும் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இன்னொன்று, நோய் என்ன என்பதை சுவிட்சே சொல்லும். அதன் வலைப்பக்கத்தின் கன்சோலில் எத்தனை நேரமாக ஓடுகிறது, வைஃபை எத்தனை முறை அறுந்து சேர்ந்தது என்று இரண்டு கணக்குகள் இருக்கும். ஓடிய நேரம் பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தால் மின்சாரக் கோளாறு, கெப்பாசிட்டரைப் பாருங்கள். ஓடிய நேரம் நாள்கணக்கில் இருந்து, அறுந்த எண்ணிக்கை மட்டும் ஏறினால் சிக்னல் அல்லது ரௌட்டர். இந்த ஒரு பக்கத்தைப் பார்த்திருந்தால் ரௌட்டரோடு மல்லுக்கட்டிய மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

டாஸ்மோட்டாவில் நம்மூருக்கென்றே மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. மின்சாரம் அடுத்தடுத்து பல முறை போய் வந்தால் அமைப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதி அதில் இயல்பாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் கண் சிமிட்டுவதை அது பொத்தான் அழுத்துவதாக எடுத்துக்கொள்ளும். அதற்கான செட்ஆப்ஷன்65 என்ற அமைப்பை 1 என்று வைத்தால் தொல்லை இல்லை.

சரி, புதிது வாங்கினால் என்ன? வாங்கலாம்தான். ஒன்றை வாங்கியும் பார்த்தேன். பெட்டிமேல் அதே மாடல் பெயர், உள்ளே வேறு சில்லு, பீக்கன் நிறுவனத்தின் பிகே7231. அதில் டாஸ்மோட்டா ஏறாது, ஓப்பன்பீக்கன் என்று வேறு மென்பொருள் தேட வேண்டும். வயர் செருகும் துளைகளின் வரிசையும் மாறியிருந்தது. உள்ளே பார்த்தால் அதே மாதிரி ஒரு கெப்பாசிட்டர், அதே மாதிரி வெப்பத்தில். கடிகாரத்தைத் திருப்பி வைத்ததற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜிக்பீ அப்படி ஒதுக்கக்கூடியதில்லை. மாடிப்படி போர்டும் பின்கட்டு அறையும் பழுது பார்த்த பிறகும் அடங்கவில்லை. உலோகப் பெட்டிக்குள் உட்கார்ந்து இரண்டு சுவர் தாண்டி ரௌட்டரைத் தேடினால் மைனஸ் 84 டிபிஎம் என்ற நலிந்த அளவுக்குத்தான் சிக்னல் வரும். அதில் எந்தக் கெப்பாசிட்டரும் காப்பாற்றாது. ஜிக்பீயில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இணைப்பு உள்ள ஒவ்வொரு மாட்யூலும் அடுத்ததற்குச் செய்தியைக் கை மாற்றிவிடும், எல்லாம் நேராக ரௌட்டரோடு பேச வேண்டிய கட்டாயம் இல்லை. நம் வீட்டு போர்டுகளில் சுவிட்சோடு ஒரு பிளக் பாயின்டும் இருப்பதால் பெரும்பாலும் நியூட்ரல் கிடைத்துவிடும். படிக்கட்டின் டூ-வே சுவிட்சில் மட்டும் பல வீடுகளில் கிடைக்காது. அப்படியென்றால் நியூட்ரல் தேவைப்படாத வகையைத்தான் போட வேண்டும், அது பொதுவாகச் செய்தியைக் கை மாற்றாது. வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் ரௌட்டரை சேனல் 1-இல் நிறுத்தி ஜிக்பீயை அதன் சேனல் 25-இல் வைத்தேன். இரண்டுக்கும் பொருத்திய நாளிலிருந்து சிக்னல் ஒருமுறைகூட அறுந்ததில்லை. ஆனால் அவற்றுக்கு வயது ஒன்றரை வருடம்தான். பழைய வைஃபை மாட்யூல்களும் அந்த வயதில் தங்கக்கட்டிகள்தான், அதனால் ஜிக்பீதான் உறுதி என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை.

அப்படியென்றால் ஏன் எல்லாவற்றையும் ஜிக்பீக்கு மாற்றவில்லை? பராமரிப்புதான் காரணம். நான் முடிவெடுத்ததே இந்த ஒரு கேள்வியை வைத்து: நான் ஊரில் இல்லாத நாளில் இது நின்றால் யார் சரிசெய்வது, எவ்வளவு நேரத்தில்?

ஜிக்பீக்கு நடுவில் ஒரு தலைவன் வேண்டும். என் வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரும் அதில் செருகிய ஜிக்பீ யூஎஸ்பி டாங்கிளும். அந்தக் கம்ப்யூட்டரிலோ மெமரி கார்டு. கரண்ட் போய் வந்து போய் வந்து போன வருடம் அந்தக் கார்டு ஒரு நாள் கண்ணை மூடியது. சுவரில் தட்டினால் விளக்கு எரிந்தது என்பதால் குடும்பம் தப்பியது, டைமர் எல்லாம் போயிற்று. நான் பெங்களூரில் இருந்தேன், வந்து சேர நான்கு நாள். ஜிக்பீ சுவிட்சுகளை நடத்தும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளின் காப்புக் கோப்பு லேப்டாப்பில் இருந்ததால் மறுபடி ஜோடி சேர்க்காமல் மீண்டேன். அது இல்லாவிட்டால் நாற்காலி, ஏணி, பொத்தான் என்று முதலிலிருந்து. இரண்டு சுவிட்சுக்கு இந்தப் பாடு சரி. ஒன்பதும் அந்த ஒற்றைக் கார்டில் தொங்கியிருந்தால்?

பழுது பார்த்த வைஃபை மாட்யூலுக்கு நடுவில் யாரும் இல்லை, ஒவ்வொன்றும் தனிக்கட்டை. டைமர்கூட அதற்குள்ளேயே இருக்கும். ஒன்று செத்தால் ஒன்றுதான் சாகும். ‘எலக்ட்ரீசியனுக்கு கெப்பாசிட்டர் மாற்றத் தெரியுமா?’ என்று கேட்பீர்கள். தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அலுவலக நண்பர் ஒருவர் வீடு மாறும்போது கழற்றிய அதே மாடல் மாட்யூல்கள் இரண்டை வாங்கி, கெப்பாசிட்டர் மாற்றி, டாஸ்மோட்டா ஏற்றி, மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். போன ஆகஸ்டில் சமையலறை மாட்யூல் நின்றபோது தெருமுனை எலக்ட்ரீசியன் வந்தார். “சார், நாலு வயர்தானே, அதே மாதிரி மாத்திடறேன்” என்று போனில் சொன்னார், கால் மணி நேரத்தில் முடித்தும்விட்டார். நான் இருந்த இடத்திலிருந்தே வீட்டுக்குள் விபிஎன் வழியாக நுழைந்து, பழைய மாட்யூலின் காப்புக் கோப்பைப் புதியதில் ஏற்றினேன். கழற்றியது என் இழுப்பறைக்கு வந்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் புதுக் கெப்பாசிட்டர். இப்படி இரண்டு உதிரிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. புதிதாக வாங்கும் வழியில் இந்தச் சுழற்சி நடக்காது, ஏனென்றால் அடுத்த முறை அதே சாமான் கிடைக்காது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வாடகை வீடு, சால்டரிங் அயர்ன் இல்லை, வீட்டில் மூன்றே சுவிட்ச் என்றால் புதிது வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். இப்போதுதான் தொடங்குகிறீர்கள், போர்டெல்லாம் உலோகப் பெட்டி என்றால் நானே ஜிக்பீயைத்தான் சொல்வேன், கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள். மேட்டர் (பல கம்பெனிகளின் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொதுத் தரம்) முத்திரையோடு வரும் புதிய சுவிட்சுகளை நான் கைவைத்துப் பார்த்ததில்லை.

அம்மா ஜெயித்த அந்த ஒன்று கீசர். 2,000 வாட் சாமானை 10 ஆம்பியர் என்று எழுதிய குட்டி ரிலேயில் நான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன் என்பது மூடியைத் திறந்த பிறகுதான் உறைத்தது. செருகும் இடத்தில் பிளாஸ்டிக் உருகி வயரோடு ஒட்டியிருந்தது. அங்கே இப்போது சிவப்பு விளக்கோடு ஒரு 20 ஆம்பியர் சுவிட்ச். ஆஃப்லைன் ஆனதே இல்லை என்று அம்மா வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறார்.