காலையில் மட்டும் வந்த நீலப் புகை

நேற்று நண்பன் போன் பண்ணினான். 2012 மாடல் பெட்ரோல் கார் ஒன்று விலைக்கு வருகிறதாம், என்னிடம் இருக்கும் அதே மாடல், அதே 1.2 லிட்டர் இன்ஜின். "காலையில ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் லேசா புகை வரும், மத்தபடி வண்டி நல்ல கண்டிஷன்" என்று ஓனர் சொல்கிறாராம். வாங்கலாமா என்று கேட்டான். அந்த 'லேசா புகை'யோடு எட்டு மாதம் குடும்பம் நடத்தியவன் நான் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. 1,32,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கோவை டிராஃபிக்கில் 14, ஹைவேயில் 18 கொடுக்கிறது, ஒருநாளும் வழியில் நின்றதில்லை. ஆனால் 1,20,000 தாண்டியதும் காலையில் சாவியைத் திருப்பினால் பின்னால் குப்பென்று ஒரு நீலப் புகை, அரை நிமிஷத்தில் போய்விடும், அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமே தெரியாது. எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங் கீழ்த்தளத்தில் இருக்கிறது. எதிர் வீட்டுப் பாட்டி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் அது வெறும் நீராவி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும், மார்கழிக் குளிரில் அது வெள்ளையாகத் தெரிவது இயல்புதான். ஆனால் நீராவிக்கு நீல நிறம் கிடையாது, தீய்ந்த எண்ணெய் வாடையும் கிடையாது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் காணாமல் போயிருந்தது.

பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கிச் சிலிண்டரைக் கடைந்து போர் வேலை பார்க்க வேண்டும், 78,000 ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று கம்ப்ரெஷன் செக் பண்ணவில்லை, ஒரு பிளக்கைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு இன்னமும் ஆறாத கோபம் இதில்தான். இன்னொருவர் பேச்சைக் கேட்டு 20W-50 என்கிற கெட்டியான ஆயில் ஊற்றினேன். ஒரு மாசம் புகை குறைந்த மாதிரி இருந்தது, காலையில் இன்ஜின் கனத்துப்போய் வால்வுப் பக்கம் டக்டக்கென்று டாப்பெட் சத்தம் கேட்க ஆரம்பித்தது, புகையும் திரும்பி வந்தது. நடுவில் பொல்யூஷன் சர்டிபிகேட்டும் எடுத்தேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஐட்லிங்கில் வைத்துத்தானே அளக்கிறார்கள், சுத்தமாகப் பாஸ்.

கடைசியில் கோவை கணபதி ஏரியா பக்கம் ஒரு சின்ன பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்டது ஒரே கேள்விதான்: "புகை எப்பெப்ப வருதுங்க தம்பி?" காலையில் என்றேன். வேறெப்போதாவது என்றார். யோசித்துப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. கோத்தகிரியிலிருந்து செகண்ட் கியரிலேயே இறங்கி, குஞ்சப்பனை தாண்டிச் சமதளத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் கண்ணாடியில் பின்னால் ஒரே புகை மண்டலம். "அப்ப இது ரிங் இல்லீங்க, வால்வு சீல்" என்றார். வால்வுத் தண்டு வழியாக ஆயில் கீழே இறங்காமல் தடுக்கும் ரப்பர் அது.

காரணத்தையும் அவரே சொன்னார். ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் தங்கியிருக்கும் ஆயில், இறுகிப்போன சீல் வழியாக வால்வுத் தண்டில் சொட்டுச் சொட்டாக இறங்கி நிற்கும், காலையில் அது எரிகிறது. மலையிறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இல்லாததால் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடியே இருக்கும், காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் கூடி அதே ஆயிலை உள்ளே உறிஞ்சும், திரும்ப மிதித்ததும் மொத்தமாக எரியும். ரிங் தேய்ந்திருந்தால் இப்படி நேரம் பார்த்து வராது, வண்டி இழுக்கும்போதெல்லாம் வரும், இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்றும் தள்ளும். (கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இன்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் கூலண்டும் குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம்.)

சொன்னதோடு விடாமல் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து காட்டினார்: 175, 170, 175, 165. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தும் பெரிதாக ஏறவில்லை, ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மறுபடி எரிய அனுப்பும் பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார், நன்றாக இருந்தது.

வேலை இரண்டு நாள். ஹெட்டை இறக்கவில்லை. வால்வுகளைத் திறந்துவிடும் கேம் ஷாஃப்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே விட்டு பிஸ்டனை மேலே கொண்டுவந்தார். சீலை மாற்ற ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு உள்ளே விழாமல் அந்தக் கயிறு தாங்கிக்கொள்கிறது. அந்த யோசனையைப் பார்த்து அசந்துபோனேன். கழற்றிய பதினாறு சீலையும் என் கையில் கொடுத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது, அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி உடைந்தது. சீல், கவர் கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 11,200 ரூபாய்.

அடுத்த நாள் காலையிலும் புகை வந்தது! நெஞ்சே அடைத்துவிட்டது எனக்கு. சைலன்சரில் தங்கிய பழைய ஆயில் அது, ஹைவேயில் ஒருதரம் விரட்டிவிட்டு வாருங்கள் என்றார் பெரியவர். பெருந்துறை வரை போய்த் திரும்பினேன். அதோடு நின்றதுதான், 5,000 கிலோமீட்டர் ஓடியும் டிப் ஸ்டிக்கில் கோடு இறங்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பனிடம் அந்த வண்டி வேண்டாம் என்றுதான் சொன்னேன். விலையில் இருபதாயிரம் குறைத்து வாங்கி 11,000 செலவில் சரிபண்ணிவிடலாம், கணக்கு அவன் பக்கம்தான். ஆனால் தினமும் காலையில் சாவியைத் திருப்பும்போது வயிற்றைப் பிசையுமே, அந்த எட்டு மாசத்தை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. பார்த்தே ஆகவேண்டும் என்றால், நீ வரும்வரை ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று முந்தின நாளே ஓனரிடம் சொல்லிவிட்டுக் காலையில் போ, போனதும் பானெட்டில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் புகையை மறைக்க முன்னமே ஸ்டார்ட் பண்ணிவிட்டார் என்று அர்த்தம், பேசாமல் திரும்பி வந்துவிடு.