இலவம் பஞ்சுத் தலையணையைச் சுத்தம் பண்ணக் கொடுத்து 3,900 ரூபாய் போச்சு. யாரும் கொடுத்துடாதீங்க!

நேத்து சாயங்காலம்தான் விஷயம் முழுசாத் தெரிஞ்சது. ராத்திரி பூரா தூக்கம் இல்லை. காலையில எழுந்ததும் முதல் வேலையா இதை எழுதுறேன், கோர்வையா இல்லைன்னா பொறுத்துக்கோங்க. போனது 3,900 ரூபாய். பணம் மட்டும்னா இவ்வளவு வயித்தெரிச்சல் இருக்காது.

எங்க அம்மாவுக்குப் போடிநாயக்கனூர் பக்கம். இலவம் பஞ்சுக்குப் பேர் போன ஊர். தாத்தா தோட்டத்துல வரப்போரமா நாலு இலவ மரம் நின்னுச்சு. கோடையில காயைப் பறிச்சு, காய வச்சு, ஓட்டை உடைச்சு, கொட்டையை நீக்கி, அம்மாவும் பாட்டியும் உட்கார்ந்து அடைச்ச தலையணை ஆறு. ஜன்னலைச் சாத்திட்டு, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டுத்தான் அடைப்பாங்களாம், இல்லைன்னா வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். ஒவ்வொண்ணோட வாயையும் அம்மா சிவப்பு நூல்ல கைத்தையல் போட்டு மூடியிருந்தாங்க.

அத்தனை வருஷத் தலையணைக்கு எண்ணெய்க் கறை இருக்கும்தானே. மழைக்காலம் முடிஞ்சா ஒரு மக்கின வாடையும் வரும். மேலுறையை வாராவாரம் துவைச்சிடுவோம். உள்ளே இருக்கிற தலையணைக்கு அம்மா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "அதுக்குத் தண்ணி காட்டாதே." வெயில்ல போட்டுத் தட்டி எடுப்பாங்க, அவ்வளவுதான்.

அம்மா பத்து நாள் மாமா வீட்டுக்குப் போயிருந்தாங்க. திரும்பி வரும்போது தலையணையெல்லாம் புதுசு மாதிரி இருக்கட்டும்னு ஆசைப்பட்டேன். சோபா, மெத்தை, தலையணை எல்லாத்தையும் சுத்தம் பண்ண வீட்டுக்கே ஆள் அனுப்புற செயலி ஒண்ணுல புக் பண்ணேன். பேர் சொல்லலை, இந்த மாதிரி எத்தனையோ இருக்கு. தலையணைக்கு 650 ரூபாய், ஆறுக்கு 3,900.

வந்த பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்தான். தண்ணி கொடுத்தேன், அண்ணாந்து குடிச்சிட்டு டம்ளரைக் கொண்டுபோய் மேடையில வச்சான். தலையணை ஓரத்துல நூல் விட்டிருந்த இடத்துல விரலை விட்டு ஒரு சிட்டிகை பஞ்சை இழுத்து, உள்ளங்கையில வச்சு லேசா ஊதினான். அது புகை மாதிரி மிதந்து போச்சு. "அக்கா, இது அசல் இலவம்க்கா. இப்பல்லாம் யார் வீட்டுல இருக்கு? இதுல தண்ணியே படக் கூடாது. நாங்க மெஷின்ல தூசியை மட்டும் உறிஞ்சிட்டு, சூடு காத்துல வச்சுக் கொடுப்போம்."

தண்ணி படக் கூடாது. அம்மா சொல்ற அதே வார்த்தை! அதைக் கேட்டதும்தான் நம்பிட்டேன். இதை இவ்வளவு விவரமா எழுதக் காரணம், ஏமாத்துறவன் ஏமாத்துறவன் மாதிரி வர மாட்டான். பொருளைப் பத்தி நம்மளை விட நல்லாத் தெரிஞ்சவனா வருவான்.

"செயலியில பணம் போட்டா எங்களுக்கு வந்து சேர லேட் ஆகும்க்கா, இதுல போட்டுடுங்க"ன்னு அவன் போன்ல ஒரு க்யூஆர் கோடைக் காட்டினான். முழுசா இப்பவே கட்டினா உள்துணியையும் காசில்லாம மாத்தித் தர்றேன்னான். 3,900 ரூபாயையும் அங்கேயே நின்னு அனுப்பினேன். ரசீது கேட்டேன். "மெசேஜ்ல வந்துடும்க்கா." வரவே இல்லை.

நாலு நாள்னு சொன்னது ஒம்பது நாள் ஆச்சு. வேற ஒருத்தர் வந்து, காத்தை உறிஞ்சி அமுக்கின பிளாஸ்டிக் பையில கேட்டுக்கிட்டயே வச்சுட்டுப் போயிட்டார். நானும் பிரிச்சுச் சரியாப் பார்க்கலை, உறையை மாட்டி அடுக்கி வச்சுட்டேன். மறுநாள் சாயங்காலம் அம்மா வந்தாங்க. தலையைச் சாய்ச்சாங்க, உடனே எழுந்து உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு கையாலயும் அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டு, "இது நம்ம பஞ்சு இல்லடி"ன்னாங்க.

உறையைக் கழட்டிப் பார்த்தா நாலு தலையணையில சிவப்பு நூலைக் காணோம். நல்ல நேரான மெஷின் தையல். பிளேடால பிரிச்சேன். உள்ளே பளபளன்னு, வழுக்குற மாதிரி வெள்ளை நார். மடக்கிப் பிடிச்சு விட்டா ஸ்பிரிங் மாதிரி குதிக்குது. அம்மா ஒரு எவர்சில்வர் தட்டுல கொஞ்சம் வச்சுத் தீக்குச்சியைக் காட்டினாங்க. சுருண்டு உருகி, கறுப்புப் புகை விட்டு, கடைசியில கடுகு மாதிரி கெட்டியா ஒரு மணி நின்னுச்சு. பாலியஸ்டர். சிவப்பு நூல் அப்படியே இருந்த இன்னொரு தலையணையிலேர்ந்து எடுத்த இலவம் பஞ்சைக் கொளுத்தினா பேப்பர் எரியற வாசனை, தொட்டா பொடியாகிற சாம்பல். சந்தேகம் இருக்கிறவங்க வீட்டுலயே இப்படிப் பார்க்கலாம். ஒரு சிட்டிகை போதும், பக்கத்துல தண்ணி இருக்கட்டும்.

சிவப்பு நூலோட திரும்பி வந்த அந்த மீதி ரெண்டு? அதுல நம்ம பஞ்சுதான், ஆனா சோப்புத் தண்ணியில ஊறப் போட்டிருக்கான். உள்ளே எலுமிச்சம்பழம் சைசுல கட்டி கட்டியா உருண்டை. நடுவுல விரலை விட்டா இன்னும் ஈரம். புளிச்ச வாடை. உள்துணியில புள்ளி புள்ளியா கறுப்புப் பூஞ்சை. இதுல அப்பா தலை வச்சுப் படுத்திருந்தார்னா? அவருக்கு ஏற்கெனவே வீசிங்.

இலவம் பஞ்சோட ஒவ்வொரு இழையும் உள்ளே காத்து நிறைஞ்ச குழாய். மேல லேசா மெழுகுப் பூச்சு இருக்கும், அதனால தண்ணி ஒட்டாது, மிதக்கும். ஒரு காலத்துல கப்பல்ல போறவங்களோட உயிர்காப்பு ஜாக்கெட்டுக்குள்ள இதைத்தான் அடைச்சாங்க. அதுல சோப்பைப் போட்டுக் கசக்கினா மெழுகு போயிடும், குழாய் நசுங்கி ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கும். வெளிப்பக்கம் காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்ளே காயவே காயாது. தண்ணி படக் கூடாதுன்னு வாயால சொன்னவனே இதைப் பண்ணியிருக்கான்!

நேத்து ராத்திரி ஏழு மணிக்கு அந்தச் செயலிக்காரங்ககிட்ட புகார் சொல்ல ஆரம்பிச்சேன். முதல்ல சாட்ல "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு மெஷின் பதில், மூணு தடவை அதே வரி. அப்புறம் ஒரு பொண்ணு பேசினாங்க: "மேடம், நேச்சுரல் மெட்டீரியல்னா வாஷ்ல கொஞ்சம் சுருங்கும்." சுருங்கினா பாலியஸ்டரா மாறிடுமான்னு கேட்டேன். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்"னாங்க, 22 நிமிஷம் பாட்டு ஓடிச்சு, கட் ஆயிடுச்சு. மறுபடி போட்டா வேற ஆள். டெலிவரி ஆன 24 மணி நேரத்துக்குள்ள போட்டோ அனுப்பியிருக்கணுமாம். அதுக்கு மேல இருக்கிறவர்னு ஒருத்தர் வந்தார், "பணம் எங்க செயலி வழியா வரலையே மேடம், அந்தப் பையன் எங்க ஸ்டாஃப் கிடையாது, பார்ட்னர்"னு முடிச்சுட்டார். புக் பண்ணது உங்க செயலியில, ஆளை அனுப்பினது நீங்க, பணம் போனதும் அவன் யாரோவா?

அந்தப் பையனுக்குப் போட்டேன். "அக்கா, நான் ஊர்ல இருக்கேன், வந்து பேசுறேன்." அடுத்த கால்லேர்ந்து சுவிட்ச் ஆஃப். கடைசியா ராத்திரி பதினொண்ணரைக்கு ஒரு மெசேஜ்: அடுத்த புக்கிங்குக்கு 300 ரூபாய் கூப்பன். 3,900 ரூபாய்க்கு 300! அதுவும் மறுபடி அவங்ககிட்டயே கொடுக்கணுமாம். எங்க பஞ்சு எங்கே போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லலை. அசல் இலவம் பஞ்சு விக்கிற விலைக்கு, அதை வித்துட்டு பாலியஸ்டரை அடைச்சுட்டாங்கன்னுதான் நான் நினைக்கிறேன்.

தம்பி சொன்னான், 2020-ல வந்த மின்வணிக விதிப்படி இந்த மாதிரி செயலிக்குக் குறைதீர் அலுவலர் ஒருத்தர் இருக்கணும், புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புக்கணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும்னு. ராத்திரியே மெயில் போட்டுட்டேன். இன்னைக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிடப் போறேன். அதுலயும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது.

தலையணையை வீட்டுலயே எப்படிப் பார்த்துக்கிறதுன்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப அதுக்கு மனசு ஓடலை. அவசரமாச் சொல்லிடறேன். இலவம் பஞ்சை நனைக்காதீங்க, மெஷின்ல அடிக்கவும் கொடுக்காதீங்க, இழை நொறுங்கித் தூளாயிடும். நல்ல வெயில்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் புரட்டிப் புரட்டிப் போடுங்க, சூடு ஆறினப்புறம் உறை மாட்டுங்க. கறை போகணும்னா தையலைப் பிரிச்சு, ஒரு பழைய உறையோட வாயையும் இதோட வாயையும் சேர்த்துப் பிடிச்சுப் பஞ்சை அதுக்கு மாத்திட்டு, துணியை மட்டும் துவைங்க. பாலியஸ்டர் தலையணைன்னா லேபிளைப் பார்த்துட்டு மெஷின்லயே போடலாம், சோப்பு கம்மியா, நடுவுவரைக்கும் காயணும். ஃபோம் தலையணையை மெஷின்லயும் போடாதீங்க, கொளுத்துற வெயில்லயும் போடாதீங்க.

யார்கிட்டயாவது கொடுத்தே ஆகணும்னா முதல்ல தையலையும் உள்ளே இருக்கிற பஞ்சையும் போட்டோ எடுங்க, எடை போட்டு எழுதி வாங்குங்க. திரும்பி வந்ததும் அவங்க முன்னாடியே பிரிச்சுப் பாருங்க. தனி ஆள் காட்டுற க்யூஆர்ல ஒரு ரூபாய் கூடப் போடாதீங்க. 3,900 ரூபாயை நான் அப்படித்தான் விட்டேன்.

அம்மா காலையிலேர்ந்து மொட்டை மாடியில இருக்காங்க. அந்த ரெண்டு தலையணையையும் பிரிச்சுக் கொட்டி, பறக்காம இருக்கக் கொசுவலையை மேல போட்டு, அதுக்குள்ள கையை விட்டு ஒவ்வொரு உருண்டையாப் பிச்சுக்கிட்டிருக்காங்க. பூஞ்சை பிடிச்சதைத் தனியா ஒதுக்கி, தேறினது ஒரு தலையணைக்குக் கூடப் பத்தாது போல. மேகம் வேற கூடுது, நான் போய் எடுத்து வைக்கணும்.