இரண்டு நாள் மறுசீரமைப்பு நீதிப் பயிற்சி: வட்டம் பிரமாதம், முன்தயாரிப்பு பாதிக் கிணறு

மறுசீரமைப்பு நீதி என்றால், தண்டனை கொடுப்பதற்குப் பதிலாக, தவறு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் உட்காரவைத்துப் பேசி, நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யப் பார்ப்பது. பயிற்சி சனி, ஞாயிறு இரண்டு நாள், காலை 9.30 முதல் மாலை 5 வரை. சென்னையில் நடந்த இந்தப் பயிற்சிக்கு வந்த 24 பேரில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள், சிறார் இல்லப் பணியாளர்கள்.

வரலாற்றை அரை மணி நேரத்தில் முடித்தது நல்லது. 1974இல் கனடாவின் எல்மைராவில் 22 இடங்களைச் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களை, பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். 1989இல் நியூசிலாந்து, தவறு செய்த பிள்ளையும் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசும் குடும்பக் கூட்டத்தைச் சட்டத்தில் சேர்த்தது. அவ்வளவு போதும். ஆனால் ‘நம்ம ஊர்ப் பஞ்சாயத்தும் இதேதான்’ என்று ஒரு ஸ்லைடு போட்டார்கள். அது தப்பு. யார் திண்ணையில், யார் தரையில் என்பதிலேயே அங்கே பாதித் தீர்ப்பு முடிந்துவிடும். இங்கே நடத்துபவர் தீர்ப்பே சொல்லக் கூடாது.

வட்டப் பயிற்சிக்கு முழு மதிப்பெண். மேஜை கிடையாது, எல்லாருக்கும் ஒரே உயர நாற்காலி, சுற்றி வர ஒரு மரப் பம்பரம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். முதல் சுற்றில் ‘இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க’ அளவுக்கு லேசான கேள்வி. எடுத்தவுடன் பிரச்சினையில் கை வைத்தால் மூன்றாவது ஆளிலேயே வட்டம் உறைந்துவிடும்.

கேள்வி அட்டையில் ‘ஏன் செஞ்சே?’ இல்லை. ஏன் என்று கேட்டால் பிள்ளை சாக்குத் தேடும், இல்லையென்றால் தலையைக் குனிந்துகொள்ளும். ‘என்ன நடந்துச்சு? அப்ப என்ன நினைச்சே? யாருக்கு என்ன ஆச்சு?’ என்றால் வாய் திறக்கும். ஆனால் அதே அட்டையில் ‘இச்சம்பவத்தால் நீங்கள் எவ்வாறு பாதிக்கப்பட்டீர்கள்?’ என்றும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ‘ஒண்ணும் இல்ல சார்’ என்பான். ‘அன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன பண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: ஒரு பிள்ளையை ‘வாப்பா’, இன்னொன்றை ‘வாடா’ என்று கூப்பிட்டாலே தராசு சாய்ந்துவிடும். இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஞாயிறு, உடைந்த செல்போனை வைத்து நடிப்புப் பயிற்சி. செய்தவர் முதலில், இழந்தவர் அடுத்து, இரு பக்கத்துப் பெற்றோர் பிறகு. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: செய்தவர் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால், இழந்தவர் நிரூபிக்க அல்லாட வேண்டியதில்லை. நான்கு குழுக்களில் இரண்டு, ‘சாரி சொல்லு’ என்பதில் போய் நின்றன. பயிற்றுநர் அதைத் தடுத்திருக்க வேண்டும்.

பெரிய குறை முன்தயாரிப்பு. அதற்குக் கிடைத்தது 40 நிமிடம். உண்மையில் வேலையின் பெரும்பகுதி அங்கேதான். இரு தரப்பையும் தனித்தனியே, குறைந்தது ஒரு முறை உட்கார்ந்து கேட்க வேண்டும். செய்ததை ஒப்புக்கொள்கிறாரா? இழந்தவர் மனதாரச் சம்மதித்தாரா, தலைமையாசிரியருக்குப் பயந்து தலையாட்டினாரா? கூட யார் வருவார்கள்? செய்யவே இல்லை என்பவரைக் கூட்டத்தில் உட்காரவைத்தால், இழந்தவருக்கு இரண்டாவது அடி.

ஒப்பந்தம் எழுதும் பகுதியும் மேலோட்டம். ‘இனி ஒழுங்கா இருப்பேன்’ என்பது ஒப்பந்தம் ஆகாது. ‘வாரம் 200 ரூபாய், 10 வாரம், வகுப்பாசிரியர் கையில்’ என்பது ஒப்பந்தம். தவறினால் யார் கேட்பது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

சட்டத்துக்குக் கடைசி ஐந்து நிமிடம். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளில், வழக்கு நடவடிக்கைக்குப் போகாமல் கையாளும் வழி இருக்கிறது என்றார்கள், சரி. குழந்தை மீதான பாலியல் குற்றத்தை வட்டத்தில் பேசித் தீர்க்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்லவில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி புகார் செய்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வகுப்பறையில் வட்டம் நடத்த நினைக்கும் ஆசிரியர்கள் தாராளமாகப் போகலாம். வழக்குகளைக் கையாள விரும்புவோர் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: பயிற்சி முடிந்தபின் அனுபவசாலி ஒருவர் நடத்தும் கூட்டங்களில் துணையாக உட்காரவைப்பார்களா? இவர்களிடம் அந்த ஏற்பாடு இல்லை.