இ-டெண்டர் தளம்: பெட்டி போனது சரி, இந்த எக்செல் எப்போது போகும்?

முதல்முறையாக அரசு டெண்டர் போடப்போகும் நண்பர் ஒருவர், "ஆன்லைன் டெண்டரை நம்பலாமா?" என்று கேட்டார். பதிவு, கிளாஸ் 3 டிஜிட்டல் கையொப்பம், முன்வைப்புத் தொகை எல்லாம் அவருக்குத் தெரியும். மிச்சத்தை மட்டும் எழுதுகிறேன்.

மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான என்ஐசி உருவாக்கிய ஜெப்னிக் மென்பொருளில்தான் தமிழ்நாட்டு டெண்டர் தளமும் மத்திய அரசின் தளமும் ஓடுகின்றன. டெண்டர் உறையைப் பெட்டியில் போட்ட காலத்தில் அலுவலக வாசலில் ஆள் நிறுத்தி, உறையையே போடவிடாமல் தடுப்பார்கள். யார் ஷெட்யூல் (டெண்டர் படிவம்) வாங்கினார் என்பதும் வெளியே கசிந்துவிடும். இப்போது விலை யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகித்தான் சர்வருக்குப் போகிறது. குறித்த நேரம் வந்து, அதற்கென நியமித்த அதிகாரிகள் தங்கள் டோக்கனை (டிஜிட்டல் கையொப்பம் உள்ள யூஎஸ்பி கருவி) செருகினால்தான் திறக்கும். 1998-இல் வந்த தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தது இதுதான் என்பேன்.

ஆனால் அந்த பிஓக்யூ! விலை போடும் எக்செல் கோப்பைச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகளாக மாறாத தலைவலி.

தளத்திலிருந்து இறக்கியதும் மேக்ரோ, அதாவது கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல், வேலை செய்யாது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. கோப்பின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அடியில் 'அன்பிளாக்' டிக் செய்த பிறகு திறக்க வேண்டும். லிப்ரே ஆஃபீஸில் திறந்து சேமித்தால் கோப்பு கெட்டுவிடலாம். கெட்டால் தளம் ஏற்காது.

பெயரையும் மாற்றக்கூடாது. ஒரே கோப்பை இரண்டாம் முறை இறக்கினால் பிரவுசர் தானாகவே பெயருக்குப் பின்னால் (1) சேர்த்துவிடும். அதை அப்படியே ஏற்றினால் நிராகரிப்பு. என்ன தவறு என்று புரியும்படி ஒரு வரி காட்டக்கூடாதா? பழைய கோப்பை அழித்துவிட்டு இறக்குங்கள். பூட்டாத கட்டங்களில் மட்டும் பெயரும் விலையும் போட்டு, மேலே உள்ள 'வேலிடேட்' பட்டனை அழுத்தி, அதே பெயரில் சேமியுங்கள்.

மதிப்பீட்டுக்கு மேலோ கீழோ எத்தனை சதவீதம் என்று மட்டும் போடும் சதவீத பிஓக்யூ-வில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே 'எக்சஸ்' (கூடுதல்), 'லெஸ்' (குறைவு) என்று ஒரு பட்டியல் இருக்கும். மதிப்பீடு 20 லட்சம், 5 சதவீதம் குறைத்துப் போட்டால் 19 லட்சம். கை தவறி 'எக்சஸ்' தேர்ந்தால் 21 லட்சம். அடையாளம் மாறியதை வேலிடேட் கண்டுபிடிக்காது. அதற்கு இரண்டுமே சரியான விடைதான். கீழே எழுத்தில் வரும் தொகையை வாய்விட்டுப் படியுங்கள்.

டோக்கன் பற்றி ஒன்றே ஒன்று. கடவுச்சொல்லைத் தொடர்ந்து தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும், பெரும்பாலும் புதுச் சான்றிதழ்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பெட்டியை ஒழித்த ஒன்றுக்கே முழு மதிப்பெண் தரலாம். ஆனாலும் நான் தருவது ஐந்துக்கு இரண்டுதான். விலையைத் திரையிலேயே நிரப்பும் சாதாரணப் படிவம் ஒன்று வரும்வரை அந்த மதிப்பெண்ணைக் கூட்டப்போவதில்லை.

நண்பருக்கு: முந்தைய நாளே ஏற்றிவிடுங்கள். கோப்புகள் ஏறியதோடு வேலை முடியவில்லை. 'ஃப்ரீஸ் பிட்' அழுத்தி ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் கணக்கு. கெடு நேரத்துக்குச் சர்வர் கடிகாரமே கடிகாரம். அதற்குள் விலையைத் திருத்தி மறுபடி ஏற்றலாம். டெண்டரிலிருந்து விலகும் 'வித்ட்ரா' பட்டனை மட்டும் தொடாதீர்கள், தொட்டால் அந்த டெண்டருக்குள் திரும்ப நுழையவே முடியாது.