யு.பி.எஸ். கண்காணிப்பு: நட்டா, ஏபிசியுபிஎஸ்டியா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கணக்கு அலுவலகத்தின் சர்வர்கள் என் பொறுப்பு. கரண்ட் போனதும் அவை முறையாக அணைய, யு.பி.எஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT), ஏபிசியுபிஎஸ்டி (apcupsd) என்ற இரண்டு மென்பொருளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நட்டில் நிலைத்தேன். இரண்டும் இலவசம், இரண்டும் லினக்ஸில் நன்றாகவே ஓடும்.

எளிமையில் ஏபிசியுபிஎஸ்டிதான் முன்னால் நிற்கும். ஏபிசி (APC) பிராண்ட் யு.பி.எஸ்ஸின் யு.எஸ்.பி. கேபிளைச் செருகி, ஒரே கோப்பில் சில வரிகளைத் திருத்தினால் போதும். பேட்டரி 5 சதவீதத்துக்கோ 3 நிமிடத்துக்கோ இறங்கினால் சர்வரை அணைப்பது அதன் இயல்பான அமைப்பு. "கரண்ட் போய் இத்தனை விநாடியில் அணை" என்பதும் ஒரே வரிதான். நட்டில் அதே வேலைக்குத் தனியாக டைமர் எழுத வேண்டும், கோப்புகளே ஐந்து. முதல் நாள் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் இந்த ஊரில் முடிவு செய்வது பேட்டரிதான். ஈய பேட்டரிக்கு 25 டிகிரி உகந்தது. அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். டர்பன் வெக்கை போதாதென்று லோட் ஷெடிங்கும் (முறைவைத்த மின்வெட்டும்) சேர்ந்துகொண்டது. 2023-இல் ஒரே நாளில் பல முறை கரண்ட் போனது. பேட்டரி முழுதாக ஏற பல மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். இப்படி அடிபட்ட பேட்டரி, பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று விழும். அதனால் யு.பி.எஸ். தரும் 'பேட்டரி குறைவு' எச்சரிக்கையை நம்பாமல் 50 சதவீதத்திலேயே அணைக்கச் சொல்லிவிட வேண்டும். நட்டில் இதற்கு யு.பி.எஸ். பகுதியில் இரண்டு வரி: அந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாதே என்னும் இக்னோர்எல்பி (ignorelb), அப்புறம் பேட்டரி எல்லை 50. ஏபிசியுபிஎஸ்டியிலும் எல்லையை உயர்த்தலாம், அதை மறுக்கவில்லை.

வித்தியாசம் தெரிவது யு.பி.எஸ். செத்த பிறகு. அவசரத்துக்குக் கடையில் இருப்பதைத்தான் வாங்குவோம். அது வேறு பிராண்டாக இருந்தால் ஏபிசியுபிஎஸ்டியை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நட்டில், யு.பி.எஸ்ஸோடு பேசும் டிரைவரின் பெயரை மாற்றினால் சரி: யுஎஸ்பிஹெச்ஐடி-யுபிஎஸ் (usbhid-ups) என்ற இடத்தில், மலிவு மாடல்கள் பலவற்றுக்கு நட்டிஆர்வி-கியூஎக்ஸ் (nutdrv_qx). மற்ற சர்வர்களில் ஒரு வரியையும் தொட வேண்டாம். யு.பி.எஸ். கேபிள் செருகிய முதன்மை சர்வர் எச்சரிக்கை கொடுக்க, நெட்வொர்க் வழியாக அதைக் கேட்கும் துணை சர்வர்கள் முதலில் அணையும், முதன்மை கடைசியில் அணையும். ஏபிசியுபிஎஸ்டியின் 3.14.14 பதிப்பு 2016-இல் வந்தது, நட்டின் 2.8.0 வந்தது 2022-இல். நான்கைந்து வருடம் வைத்திருக்கப்போகும் அமைப்புக்கு இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

லித்தியம் யு.பி.எஸ்ஸை நான் இயக்கியதில்லை. 50 சதவீதக் கணக்கு ஈய பேட்டரிக்கு மட்டும். இன்னொன்று: சர்வர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சையும் அதே யு.பி.எஸ்ஸில் செருகுங்கள். பேட்டரியில் ஓடும்போது முதன்மையோடு தொடர்பு அறுந்தால், இயல்பான அமைப்பில் 15 விநாடி பார்த்துவிட்டு நிலைமை மோசம் என்று எடுத்துக்கொண்டு துணை சர்வர்கள் அணையத் தொடங்கிவிடும்.