வீட்டு மேசையில் எந்த வேதப்புத்தகம்: 66ஆ, 73ஆ?

நான் அமெரிக்க மிஷன் வழிவந்த புரொட்டஸ்தாந்து சபைக்காரன். மனுசி கத்தோலிக்கம். கலியாணத்தோடு அலுமாரியில் இரண்டு வேதப்புத்தகங்கள் சேர்ந்தன: என் கறுப்பு மட்டை, 66 நூல்கள், அவளுடைய திருவிவிலியம், 73. பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியதும் இரவுச் செபத்துக்கு ஒன்றைத்தான் மேசையில் வைக்கவேண்டும் என்றாகிவிட்டது. 73ஐ வைத்தோம். கோயிலுக்கு நான் இன்னும் கறுப்பு மட்டையைத்தான் கொண்டுபோகிறேன்.

புதிய ஏற்பாட்டில் சண்டை இல்லை, இரண்டிலும் அதே 27. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு, எஸ்தரிலும் தானியேலிலும் சில கூடுதல் பகுதிகள்: இவைதான் வழக்கு. கத்தோலிக்கர் 'இணைத் திருமுறை' என்பார்கள். எங்கள் பக்கத்தில் 'தள்ளுபடி ஆகமங்கள்'. பேரிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று.

66க்கு என் ஓட்டு விழும் இடம் தமிழ். சின்னனில் மனப்பாடம் செய்த வசனம் அந்த நடையில்தான் நாவில் வரும். பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதத்தைத் தமிழாக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர் என்ற ஊர்ப்பெருமையும் சேர்ந்துகொள்ளும். வாதத்திலும் பலம் உண்டு: யூதர்களின் எபிரேயப் பட்டியலில் இந்த நூல்கள் இல்லை, வேதத்தை லத்தீனில் பெயர்த்த எரோனிமுசே எபிரேயத்தின் பக்கம் சாய்ந்தவர். ஆனால் சாக்கடல் குகைகளில் தோபித்தின் அரமேய, எபிரேயத் துண்டுகள் கிடைத்தபிறகு 'எல்லாம் கிரேக்கச் சரக்கு' என்று ஒரேயடியாகச் சொல்லமுடியாது.

'தள்ளுபடி' ஆதியிலிருந்தே தள்ளுபடி என்றுதான் நினைத்திருந்தேன். புரொட்டஸ்தாந்து வழியைத் தொடங்கிய லூத்தர் 1534இல் தன் ஜெர்மன் வேதத்தில் அவற்றைத் தனியே பிரித்து வைத்தார், வாசிக்க நல்லவை என்றார், எறியவில்லை. 1611இன் ஆங்கில வேதத்திலும் இருந்தன. தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரி சுல்ட்சே 1728இல் தமிழிலேயே அச்சிட்டார். லண்டன் வேதாகமச் சங்கம் இவற்றைப் பரப்புவதில்லை என்று முடிவெடுத்தது 1826இல். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்து அப்போது பத்து வருடம்.

இதெல்லாம் சரி, எங்கள் வீட்டில் முடிவைக் கொண்டுவந்தது ஒரு செத்தவீடு. மாமியின் 31ஆம் நாள் பூசை முடிந்து வந்து மூத்தவள் கேட்டாள்: "அப்பா, அம்மம்மாவுக்காக நாங்களும் செபிக்கலாமோ?" நான் வளர்ந்த சபையில் செத்தவருக்காகச் செபிப்பதில்லை, இருப்பவரின் ஆறுதலுக்குத்தான் செபம். என் புத்தகத்தில் அவளுக்குக் காட்ட நேரடியாக ஒரு பக்கம் இல்லை. மனுசி 2 மக்கபேயர் 12ஐத் திறந்தாள். போரில் விழுந்தவர்களின் உடலை எடுக்கப்போனால், ஒவ்வொருவன் சட்டைக்குள்ளும் வேற்றுத் தெய்வத்தின் தாயத்து. படைத்தலைவன் யூதா மக்கபே அவர்களை ஏசவில்லை. வெள்ளி இரண்டாயிரம் திராக்மா சேர்த்து, அவர்களின் பாவத்துக்குப் பலி கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறான். உயிர்த்தெழுதலை நம்பாவிட்டால் அப்படிச் செய்வானா என்று நூலே கேட்கிறது. செத்தவீடு இல்லாத குடும்பம் எங்கள் ஊரில் ஏது? அந்தப் பக்கம் இருக்கிற புத்தகம் வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

இதில் ஒரு கள்ளமும் உண்டு, மறைக்கமாட்டேன். 1519இல் லைப்சிக் விவாதத்தில் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு (செத்தவர் ஆன்மா தூய்மையாகும் நிலை) சான்றாகக் கத்தோலிக்க அறிஞர் எக் இதே நூலை நீட்டியபோது, கொள்கைக்கு ஆதாரமாகாது என்று லூத்தர் ஒதுக்கினார். 1546இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அதை உறுதியாக உள்ளே வைத்தது. வேண்டிய விடையைத் தருகிறது என்பதற்காக நூலைச் சேர்ப்பதும், வேண்டாத விடை என்று தள்ளுவதும் ஒரே பழக்கம்தான். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

எத்தியோப்பியச் சபையார் ஏனோக்கு என்ற பழைய நூலையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் உள்ள யூதாவின் நிருபமே அதை எடுத்தாள்கிறது. அங்கங்கே புரட்டியதோடு சரி, அதனால் அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. சின்னவனுக்கோ தோபித்தின் மகனோடு வழிநடக்கும் நாய் போதும்.

அப்பா கிடக்கிறது எங்கள் சபையின் சேமக்காலையில். கத்தோலிக்கர் செத்தவரை நினைக்கும் நவம்பர் 2இல் அங்கே ஆளரவம் இருக்காது. போன வருடம் பின்னேரம் நால்வருமாக மெழுகுதிரியோடு போய் 'நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில்' என்ற சாலமோனின் ஞானநூல் பகுதியை வாசித்துவிட்டு வந்தோம். போதகர் ஐயாவுக்குச் சொல்லவில்லை.